நடவுப் பெண்ணுக்குப் பேறுகாலச் சம்பளம்: திட்டம் இருக்கும்போது சட்டம் எதற்கு?

வாசகர் கேள்வி – 12 ஜூன் 2024

தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் பதினெட்டாயிரம் ரூபாய் வருகிறது. கூப்பிட்டால் 108 வண்டி வாசலுக்கு வருகிறது. இவ்வளவுக்கும் பிறகு தாய்மார் நலத்தில் சமத்துவம் வேண்டும், அதற்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று டெல்டாவில் சிலர் பேசிவருவது வெறும் மேடைப் பேச்சு அல்லவா?

12 ஜூன் 2024, இரவு

அப்படிப் பேசிவருகிறவர்களில் நானும் ஒருத்தி என்பதால் பதில் சொல்கிறேன். ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில் நடக்கின்றன. அந்த எண்ணை நான் மறுக்க முடியாது. திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்துத் துணை சுகாதார நிலையங்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து, வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பதிவு செய்து, வலி எடுத்தவளை வண்டியில் ஏற்றி அனுப்பிய, என்னைப் போன்ற ஆயிரக்கணக்கான பெண்களின் உழைப்பில் வந்த எண் அது.

ஆனால் பிள்ளை எங்கே பிறந்தது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. வயிற்றில் பிள்ளை இருந்த காலத்தில் தாய் என்ன சாப்பிட்டாள், எந்த மாதம் வரைக்கும் சேற்றில் குனிந்து நின்றாள், பெற்ற பிறகு எத்தனை வாரத்தில் மறுபடியும் வயலில் இறங்கினாள் என்பதை அது சொல்லாது. அதே ஆய்வுதான் தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது என்கிறது. 2018-20க்கான மாதிரிப் பதிவுக் கணக்குப்படி ஒரு லட்சம் பிறப்புக்கு இங்கே 54 தாய்மார் இறக்கிறார்கள். இந்தியாவுக்கு 97, கேரளத்துக்கு 19. நாம் எப்போதும் 97ஐப் பார்த்துத் திருப்திப்படுகிறோம். பக்கத்து மாநிலத்தின் 19 கண்ணில் படுவதே இல்லை.

14 ஜூன் 2024

சட்டம் ஏற்கெனவே இருக்கிறதே என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். இருக்கிறது, நடவுப் பெண்ணுக்குத்தான் இல்லை.

பேறுகால உதவிக்கான முதல் சட்டம் 1929இல் பம்பாய் மாகாணத்தில் வந்தது. சென்னை மாகாணம் 1934இல் கொண்டுவந்தது. இரண்டும் ஆலைப் பெண்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. நாடு முழுமைக்குமான 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் தொழிற்சாலை, சுரங்கம், தோட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் கடைகள், நிறுவனங்கள் என்று விரிந்தது. 2017ஆம் ஆண்டுத் திருத்தம் முதல் இரண்டு பிள்ளைகளுக்குச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை 26 வாரமாக உயர்த்தியது. இதில் வால்பாறையில் தேயிலை பறிக்கும் பெண் சட்டத்துக்கு உள்ளே இருக்கிறாள். வலங்கைமானில் நெல் நடும் பெண் வெளியே நிற்கிறாள். இரண்டு பேரும் குனிந்துதான் வேலை செய்கிறார்கள், இரண்டு பேருக்கும் நாட்கூலிதான். ஒருத்திக்கு மேலே நிர்வாகம் என்று ஒன்று இருக்கிறது, மற்றவளுக்கு இன்று ஒரு மிராசு, நாளை ஒரு குத்தகைதாரர் என்பதே வேறுபாடு.

தமிழ்நாட்டு அரசுப் பெண் ஊழியருக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம் முழுச் சம்பளத்துடன் விடுப்பு. என் காலத்தில் எங்களுக்கு மூன்று மாதம்தான் கிடைத்தது, அதுவே போதவில்லை என்று சங்கத்தில் பேசுவோம். அந்த மூன்று மாதத்தை நான் அனுபவித்துவிட்டு வேலைக்குத் திரும்பியபோது, என்னோடு ஒரே வாரத்தில் பிள்ளை பெற்ற காலனிப் பெண் களை பறித்துக்கொண்டிருந்தாள். சமத்துவம் என்று நான் சொல்வது இதைத்தான்.

15 ஜூன் 2024

நூறு நாள் வேலையில் கர்ப்பிணிகளுக்கு இலகுவான வேலை கொடுக்கிறார்கள் என்று எழுதியவருக்கு: கொடுக்கிற இடம் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். வேலை செய்தால் கூலி என்பதுதான் அந்தச் சட்டம்; வேலை செய்ய முடியாத வாரங்களுக்கு அதில் கூலி கிடையாது. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை நிறுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஏரிக்கரைப் பக்கம் போனால் புளிய மரத்தில் கட்டிய தூளியும், அதை ஆட்டும் ஏழு வயது அக்காளும்தான் கண்ணில் படுவார்கள்.

2 ஜூலை 2024

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தைக் குறைத்துப் பேசுவதாக என்மீது ஒரு வருத்தம் பதிவாகியிருக்கிறது. குறைத்துப் பேசவில்லை. 1987இல் முந்நூறு ரூபாயில் தொடங்கியது 2006இல் ஆறாயிரம், 2011இல் பன்னிரண்டாயிரம், 2018இல் பதினெட்டாயிரம் என்று வளர்ந்தது. வேறு பல மாநிலங்கள் யோசிக்கத் தொடங்கும் முன்பே இங்கே பணம் தாயின் கைக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினெட்டாயிரத்தில் பதினாலாயிரம் ரொக்கம், மீதிக்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகம்.

அந்தப் பணம் சேர வேண்டியவளுக்குச் சேரும் வழியைச் சொல்கிறேன். பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்து, கர்ப்பிணிகளுக்கு அரசு தரும் பதிவு எண்ணான பிக்மி எண்ணை வாங்க வேண்டும். அதற்கு ஆதார் வேண்டும், அவள் பெயரிலேயே வங்கிக் கணக்கு வேண்டும், இரண்டிலும் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். வேதாரண்யம் பக்கமிருந்து திருத்துறைப்பூண்டி பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்த ஒரு பெண்ணின் ஆதாரில் தகப்பன் பெயரின் முதலெழுத்து, அதாவது இனிஷியல். வங்கிக் கணக்கு அவள் பள்ளியில் படித்தபோது தொடங்கியது, அதில் இனிஷியலே இல்லை. குடும்ப அட்டையில் புருஷன் பெயர் சேர்ந்திருந்தது. உப்பளத்துக்கும் வயலுக்கும் போன அந்தக் கையில் ரேகை தேய்ந்திருந்ததால் விரல் வைக்கும் கருவி மூன்று முறை மறுத்தது. முதல் தவணை வரும்போது அவள் பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது. அலுவலகத்தில் இருந்தவர்கள் கெட்டவர்கள் அல்லர், ஒவ்வொருவரும் தங்கள் மேசைக்கு வந்த தாளைச் சரியாகத்தான் பார்த்தார்கள். அவளுக்கு அந்தப் பணம் தேவைப்பட்டது நான்காவது மாதத்தில், வாந்தியில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோது.

திட்டத்துக்கும் சட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெரிகிறது. திட்டத்தில் பணம் தாமதமானால் மனு கொடுக்கலாம், காத்திருக்கலாம். உரிமை என்று சட்டத்தில் எழுதி, இத்தனை நாளுக்குள் தராவிட்டால் இன்னார் பதில் சொல்ல வேண்டும், வட்டியோடு தர வேண்டும் என்று இருந்தால், எந்த மேசையில் தாள் கிடக்கிறது என்று மேலதிகாரியே கேட்பார்.

இன்னும் ஒன்று. பத்தொன்பது வயது நிரம்பியவளுக்கு மட்டும், முதல் இரண்டு பேறுக்கு மட்டும் என்பது விதி. பதினேழு வயதில் கட்டிக்கொடுக்கப்பட்டு வயிறு கனத்து வந்து நிற்கும் பெண்ணுக்குத்தான் இரத்தக்கொதிப்பு ஏறும், அவளுக்குத்தான் எடை கூடாது. மூன்றாவது பிரசவத்துக்கு வருகிறவளுக்குத்தான் உதிரப்போக்கு பற்றி நாங்கள் அதிகம் பயப்படுவோம். உதவி யாருக்கு அவசரமோ அவர்களை வாசலிலேயே நிறுத்துகிற விதி இது. இளவயதுத் திருமணத்தைத் தடுக்கவும் குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் இந்த விதி தேவை என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வார்கள். பதினாலாயிரம் கிடைக்காது என்பதற்காகக் கல்யாணத்தைத் தள்ளிவைத்த ஒரு வீட்டைக்கூட என் பகுதியில் நான் கண்டதில்லை.

3 ஜூலை 2024

பெட்டகத்தைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். மாவு, நெய், பேரீச்சம்பழம், இரும்புச்சத்து டானிக், பூச்சி மாத்திரை, துண்டு என்று நல்ல பொருள்கள்தான். நெய் மாமியார் வைக்கும் ரசத்துக்குத் தாளிக்கவும், பேரீச்சம்பழம் வீட்டுக்கு வந்த நாத்தனார் பிள்ளைகளுக்கும் போய்விடும். யாரும் பங்குக்கு வராமல் தாய்க்கே மிஞ்சுவது பூச்சி மாத்திரை ஒன்றுதான்.

5 ஆகஸ்ட் 2024

ஜூன் 12இல் திறக்காத மேட்டூர் இந்த ஆண்டு ஜூலை 28இல் திறந்தது. அதற்கு முன்பே பம்புசெட் வைத்திருப்பவர்கள் குறுவையைப் போட்டுவிட்டார்கள். நேற்று உறவினர் வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு பிந்திய நடவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அது குத்தகை நடவு: மா என்ற நில அளவுக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசிக்கொண்டு, வந்த தொகையை ஆள் கணக்கில் பிரித்துக்கொள்வது. எத்தனை வேகமாக நடுகிறார்களோ அத்தனை மா முடியும். ஆகவே குழுவில் தளர்ந்த ஆள் ஒருத்தி இருந்தால் எல்லோருடைய கூலியிலும் இடிக்கும்.

அந்தக் குழுவில் ஒருத்திக்கு ஆறு மாதம் இருக்கும். மூத்தவள் அவளைச் சேற்றில் இறக்கவில்லை. கரையில் உட்கார்ந்து நாற்று முடிகளின் கட்டை அவிழ்த்து, வேர் மண்ணை உதறி, கைக்கு எட்டும் தூரத்தில் வைக்கிற வேலையைக் கொடுத்திருந்தாள். நடவாட்கள் பின்னோக்கி நகர நகர அவளும் வரப்பிலேயே தள்ளித் தள்ளி உட்கார்ந்தாள். கூலி எப்படி என்று கேட்டேன். எல்லோருக்கும் போல அவளுக்கும் ஒரு பங்குதான் என்றாள் மூத்தவள். எனக்கு அப்படித்தான் செய்தார்கள், என் மகளுக்கும் அப்படித்தான் செய்தார்கள், இதில் கேட்க என்ன இருக்கிறது என்று என்னையே திருப்பிக் கேட்டாள்.

இரவெல்லாம் யோசித்தேன். பேறுகாலப் பாதுகாப்பே இல்லாத வேலை என்று ஜூன் மாதம் எழுதினேன்; அரசின் பக்கம் பார்த்தால் அது உண்மை. ஆனால் மிகக் குறைந்த கூலி வாங்கும் பெண்கள் தங்கள் கூலியில் ஆளுக்குச் சில ரூபாய் விட்டுக்கொடுத்து, ஏட்டில் இல்லாத ஒரு பேறுகால நிதியை எத்தனையோ காலமாக நடத்திவருகிறார்கள். அதில் ஏக்கர்க் கணக்கில் அறுவடை காண்பவர் பங்கு ஒன்றும் இல்லை, அரசின் பங்கும் இல்லை. சட்டம் கேட்கும்போது இதை முதல் வரியாக வைக்க வேண்டும் என்று நினைக்கிறேன். நடவு இயந்திரமும், வங்காளத்திலிருந்து வந்து தங்கி நடும் ஆண்களின் குழுக்களும் பெருகும் ஊர்களில் இந்தப் பழக்கம் எத்தனை நாள் தாங்கும் என்பது தனிக் கவலை.

9 ஆகஸ்ட் 2024

கொள்ளிடத்தில் தண்ணீர் கூடி நாதல்படுகை, முதலைமேடு திட்டு, வெள்ளமணல் பக்கம் மறுபடியும் மக்கள் முகாம்களுக்கு வந்திருக்கிறார்கள். 2022லும் இதேதான். படுகையில் குடியிருக்கும் நிறைமாதக்காரிக்கு 108 வண்டி இருந்தும் பயனில்லை. வண்டி கரையில் நிற்கும், அவள் படகுக்குக் காத்திருப்பாள். புயல் வருகிறது என்றால் நாள் நெருங்கியவர்களை முன்கூட்டியே மருத்துவமனையில் சேர்க்கும் நல்ல வழக்கம் நம் சுகாதாரத் துறையில் இருக்கிறது. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது அதன் அருமை தெரிந்தது. ஆற்று வெள்ளத்துக்கும் அதை விதியாக்க வேண்டும். மலைப்பகுதிகளில் இருப்பது போன்ற பிரசவக் காத்திருப்பு அறை ஒன்று கொள்ளிடக் கரையிலும் வேண்டும், அதில் துணைக்கு வருகிற பெண்ணுக்கும் சாப்பாடு வேண்டும். துணையாளுக்குச் சோறில்லை என்றால் எந்தக் கர்ப்பிணியும் முன்கூட்டி வந்து படுக்க மாட்டாள்.

16 ஆகஸ்ட் 2024

நேற்றைய கிராம சபையில் தீர்மானம் ஒன்று கொடுத்தோம். விவசாயக் கூலிப் பெண்களுக்குப் பேறுகால ஊதியத்தைச் சட்டமாக்க மாநில அரசைக் கேட்டுக்கொள்வது, துணை சுகாதார நிலையத்தில் செவிலியர் இருக்கும் நாளையும் நேரத்தையும் அங்கன்வாடிச் சுவரில் எழுதிவைப்பது என்று இரண்டு பகுதி. முதல் பகுதி உடனே நிறைவேறியது, யாருக்கும் அதில் செலவில்லை. இரண்டாவதற்குத்தான் ஒரு மணி நேரம் பேச்சு. எந்த அங்கன்வாடிச் சுவர் என்பதே தகராறு. ஊருக்குள் இருப்பதா, காலனியில் இருப்பதா? ஊர்ப் பெண்கள் காலனிக்கு வரமாட்டார்கள், காலனிப் பெண்கள் ஊருக்குள் போய் எத்தனை நேரம் நிற்பார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. கடைசியில் இரண்டு சுவரிலும் எழுதுவது என்று முடிவானது. பெயின்ட் செலவை ஏற்றுக்கொண்டவர் சைக்கிள் கடைக்காரர்.

மகப்பேறு பற்றிப் பேச ஆண்கள் கூச்சப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். கூச்சமெல்லாம் இல்லை, பிரசவ வார்டில் ஆண் பிள்ளை என்றால் இவ்வளவு, பெண் பிள்ளை என்றால் இவ்வளவு என்று கை நீட்டுவதைப் பற்றி ஆளாளுக்குக் கதை சொன்னார்கள். 2011 முதல் அரசு மருத்துவமனையில் பிரசவம், அறுவை, மருந்து, இரத்தம், சாப்பாடு, வீட்டுக்குத் திரும்பும் வண்டி எல்லாமே இலவசம் என்பதை அங்கே இருந்த பாதிப்பேர் முதன்முறையாகக் கேட்டார்கள்.

8 செப்டம்பர் 2024

ஏட்டில் கிடக்கப்போகும் சட்டத்துக்கு ஏன் இத்தனை பாடு என்று கும்பகோணத்து ஐயா ஒருவர் எழுதியிருக்கிறார். ஏட்டில் கிடக்கும் சட்டத்துக்கு அவருக்கு நானே ஒரு சான்று தருகிறேன். 2013ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஆறாயிரத்துக்குக் குறையாத உதவி என்றது. 2017இல் வந்த ஒன்றிய அரசின் திட்டம் அதை ஐயாயிரமாக்கி, தலைச்சன் பிள்ளைக்கு மட்டும் என்றது. சட்டம் தந்ததைத் திட்டம் குறைத்துக்கொண்டது. ஆகவே ஐயா சொல்வதில் பாதி சரி.

மீதிப் பாதிக்கு இந்த மண்ணின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பண்ணையாட்களுக்குத் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியையும், கரைத்துக் குடிக்கவைத்த சாணிப்பாலையும் நிறுத்தியது 1944ஆம் ஆண்டு மன்னார்குடி ஒப்பந்தம். அதற்கு முன் செங்கொடிச் சங்கம் கட்டியவர்கள் வரப்பு வரப்பாக நடந்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 உயிர்கள் எரிந்த பிறகுதான் 1969இல் நியாயக் கூலிச் சட்டம் வந்தது, அதுவும் தஞ்சை மாவட்டத்துக்காக. இவற்றில் எதுவும் கோட்டையில் யாரோ இரக்கப்பட்டு எழுதியதன்று, வயலில் நின்றவர்கள் கேட்டு வாங்கியவை.

திட்டத்துக்குப் பெயர் தந்த முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டையில் பிறந்தவர்; 1927இல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்து அதன் துணைத் தலைவரானார். தேவதாசி முறை ஒழிப்புக்கு அவர் மன்றத்துக்குள் வாதாடிய காலத்தில், மயிலாடுதுறைக்குப் பக்கத்து மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய்த் தாசி வீடுகளிலேயே பேசினார், கல்லடியும் வசவும் வாங்கினார். சட்டம் நிறைவேறியது 1947இல். உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் இருந்தும் அவ்வளவு காலம் ஆயிற்று. இருவரில் ஒருவர் இல்லாதிருந்தால் இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்கும் என்று ஐயாதான் சொல்ல வேண்டும்.

9 செப்டம்பர் 2024

ஐயா பதில் எழுதியிருக்கிறார்: "நீங்கள் மேடைக்குப் போகலாம்." முதல் கேள்விக்காரரும் இதைத்தான் சொன்னார். மைக் கிடைத்தால் போகிறேன்.

21 செப்டம்பர் 2024

தாய் இறப்பு ஆய்வு பற்றிக் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு தாய் இறப்பையும் பதிவு செய்து காரணம் தேடும் வழக்கம் 1994இல் தொடங்கியது. மாவட்ட ஆட்சியர் முன்னிலையிலும் ஆய்வு நடக்கிறது. வீட்டார் கிளம்பத் தாமதித்தார்களா, வழியில் தாமதமா, மருத்துவமனைக்குள் போன பிறகு தாமதமா என்று மூன்றாகப் பிரித்துப் பார்ப்பார்கள். நானும் அத்தகைய வீடுகளுக்குப் படிவத்தோடு போயிருக்கிறேன். பதினாறாம் நாள் காரியம்கூட முடியாத வீட்டில் உட்கார்ந்து, எத்தனை மணிக்கு வலி கண்டது, எத்தனை மணிக்கு வண்டி வந்தது என்று கேட்பதைப்போல் கொடுமையான வேலை எதுவும் என் பணியில் இல்லை.

அந்தப் படிவத்தில் இல்லாத கேள்வி ஒன்று என்னை விட்டுப் போகவில்லை. இரத்த அளவு (ஹீமோகுளோபின்) 7 கிராமுக்குக் கீழே இருந்தவளிடம், இரும்புச்சத்து ஊசிக்கு வரச்சொன்ன நாளில் ஏன் வரவில்லை என்று கேட்டால், அன்றைக்குக் களையெடுப்பு இருந்தது என்பாள். பிரசவத்துக்குப் பின் உதிரம் போகும்போது, உடம்பில் இரத்தம் உள்ளவள் தாங்குவாள்; இல்லாதவளுக்கு நேரமே கிடைக்காது. படிவத்தில் மருத்துவமனை வந்துசேர்ந்த நேரம் இருக்கும், உதிரப்போக்கு என்ற காரணம் இருக்கும். களையெடுப்புக் கூலியை விட முடியாததால் மூன்று ஊசி தவறியது இருக்காது. பேறுகாலச் சம்பளம் என்பது ஓய்வுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும்; மருத்துவமனைக்குப் போகிற நாளின் கூலியும் அதில் அடங்கும்.

ஆய்வின் முடிவைப் பெயர் நீக்கிச் சுருக்கி, அந்தந்த வட்டாரக் கிராம சபைகளில் வாசிக்க வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை. குற்றம் சுமத்துவதற்காக அன்று. தெருவிளக்கும் பாலமும் இல்லாததால் வண்டி நின்றது என்றால் அதைச் சரிசெய்ய வேண்டியது ஊராட்சி, மருத்துவர் அல்லர்.

அறுவைப் பிரசவம் பற்றித் தனி இழை தொடங்கலாம். ஒரு வரி மட்டும்: அதே ஐந்தாவது ஆய்வில் தனியார் மருத்துவமனைகளில் 63.8 விழுக்காடு, அரசு மருத்துவமனைகளில் 36.

12 ஜனவரி 2025

ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் ஜனவரி 5உடன் முடிந்து, இனி தனி அலுவலர் நிர்வாகம். ஆகஸ்ட் தீர்மானத்தின் நகலை யாரிடம் கேட்பது என்றே புரியாமல் ஒரு வாரம் போயிற்று. நகல் கிடைத்தது. காலனிச் சுவரில் எழுதிய நேரம் இன்னும் இருக்கிறது. ஊர்ச் சுவரில் பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் போய்விட்டது.

9 மே 2025

2019-21க்கான தாய் இறப்புக் கணக்கு வெளிவந்துவிட்டது. தமிழ்நாடு 49, இந்தியா 93, கேரளம் 20. சென்ற ஜூனில் நான் எழுதிய 54க்குப் பதில் இனி 49 என்று படியுங்கள். குறைந்தது நல்லதுதான். பெருந்தொற்று அடித்த காலமும் இந்தக் கணக்குக்குள் அடங்கும் என்பதை நினைத்தால், அப்போது வேலை பார்த்த செவிலியர்களுக்கு ஒரு வணக்கம் சொல்லத் தோன்றுகிறது.

25 மே 2025

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 23ஆம் தேதி தீர்ப்பளித்திருக்கிறது. முதல் மணத்தில் இரண்டு பிள்ளைகள், அவர்கள் தகப்பனோடு; மறுமணத்தில் பிறந்த பிள்ளைக்கு விடுப்பு கேட்டபோது இரண்டுக்கு மேல் கிடையாது என்று மறுத்திருக்கிறார்கள். மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையோடு சேர்ந்தது என்று நீதிமன்றம் சொல்லி, மறுத்தது செல்லாது என்றிருக்கிறது. இரண்டு பிள்ளை விதியைப் பற்றி ஜூலையில் எழுதியபோது, அது கேட்டாலும் கிடைக்காத கோரிக்கை, நாம் எழுதும் சட்ட வரைவில் சேர்த்தால் மற்றதும் கெட்டுவிடும் என்று சங்கத் தோழியர் தயங்கினார்கள், எனக்கும் பாதி மனத்தில் அப்படித்தான் இருந்தது. இப்போது தயங்க வேண்டியதில்லை. இன்னொரு பிடியும் நமக்கு உண்டு: 2000ஆம் ஆண்டிலேயே டெல்லி மாநகராட்சியில் மஸ்டர் ரோல் என்ற வருகைப் பட்டியலில் தினக்கூலிக்கு மண் வெட்டிய பெண்களுக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும் என்று அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நிரந்தர வேலை இல்லை என்பது மறுக்கக் காரணமாகாது.

29 ஜூன் 2025

வரைவுக்கான கணக்கு. மாநிலச் சட்டமன்றத்துக்கு இதில் அதிகாரம் உண்டா என்று கேட்டவருக்கு முதலில்: அரசியலமைப்பின் பொதுப் பட்டியலில் தொழிலாளர் நலம் பற்றிய 24ஆவது இனத்திலேயே பேறுகால உதவி என்று எழுதியிருக்கிறது. 42ஆவது உறுப்பும் அரசுக்கு அதைக் கடமையாகச் சொல்கிறது.

எவ்வளவு கேட்பது? நூறு நாள் வேலையின் 2025-26ஆம் ஆண்டுக் கூலி 336 ரூபாய். வாரம் ஆறு நாளாகப் பன்னிரண்டு வாரத்துக்கு 24,192. ஆலைப் பெண்ணுக்குக் கிடைக்கும் 26 வாரத்தையே கேட்டால் 52,416. இப்போது ரொக்கமாகத் தரப்படுவது 14,000. சமத்துவம் என்று தலைப்பு வைத்துவிட்டுப் பன்னிரண்டு வாரம் கேட்பது சரியில்லை என்று இளையவர்கள் சொல்கிறார்கள். 26 கேட்டால் கோப்பே நகராது என்கிறார்கள் மூத்தவர்கள். நான் வயதில் மூத்தவள், இதில் இளையவர்கள் பக்கம்.

பணம் எங்கிருந்து? கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்துக்குக் கட்டடச் செலவில் ஒரு விழுக்காடு தீர்வை வருகிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அது. அதுபோலக் கொள்முதல் நிலையத்தில் நாற்பது கிலோ சிப்பத்துக்கு ஒரு ரூபாய் என்று ஒருவர் யோசனை சொன்னார். கணக்கில் வராமல் சிப்பத்துக்குக் கையூட்டாக அழுவதை எண்ணினால் ஒரு ரூபாய் பெரிதல்ல என்று விவசாயி ஒருவரே சிரித்தார். ஆனால் போட்டுப் பார்த்தேன்: ஒரு லட்சம் டன் நெல்லுக்கு 25 லட்சம் சிப்பம், 25 லட்சம் ரூபாய். பன்னிரண்டு வாரக் கணக்கிலேயே அது நூறு பெண்களைத் தாண்டிச் சிலருக்குத்தான் காணும். ஆகவே தீர்வை அடையாளமாக இருக்கட்டும், பெரும்பகுதி வரவுசெலவுத் திட்டத்திலிருந்தே வர வேண்டும். சிறு விவசாயியின் தலையில் இதைக் கட்டினால் வயிற்றில் பிள்ளையோடு வருகிறவளை அவர் வேலைக்கே கூப்பிட மாட்டார். இயந்திரத்தை அழைத்துவிடுவார்.

யார் விவசாயக் கூலி என்று முடிவு செய்வது பெரிய சிக்கல். கிராம நிர்வாக அலுவலர் சான்று என்றால் அலைச்சல் மறுபடியும் தொடங்கும். நடவுக் குழுவின் மூத்தவளும் கிராம சுகாதாரச் செவிலியரும் சேர்ந்து கையெழுத்திட்டால் போதும் என்று வரைவில் எழுதியிருக்கிறோம். மூத்தவள் கைநாட்டு வைப்பவளாக இருந்தாலும் செல்லும்.

17 ஆகஸ்ட் 2025

15ஆம் தேதிக் கிராம சபையில், மகப்பேறு நிகழ்ச்சி நிரலில் இல்லை என்று தனி அலுவலர் முதலில் மறுத்தார். சென்ற ஆண்டுத் தீர்மானத்தின் நகலைக் காட்டி, அதன்மேல் எடுத்த நடவடிக்கை என்ன என்று கேட்ட பிறகு பேச விட்டார். இப்போது நான்கு பத்தியில் வரைவு தயார். சட்டமன்ற மனுக்கள் குழு மாவட்டத்துக்கு வரும்போது கொடுப்பது, அதற்கு முன் திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் ஆட்சியரிடம் ஒரு படி, தொகுதி உறுப்பினரிடம் மானியக் கோரிக்கை நாளில் பேசச் சொல்லி ஒரு படி என்று பேசியிருக்கிறோம்.

வரைவோடு சேர்க்க மாவுக்கு நடவுக் கூலி எவ்வளவு, எத்தனை பேர் பிரித்துக்கொள்கிறார்கள் என்ற விவரம் ஊர்வாரியாகத் தேவை. மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கம் கையில் இருக்கிறது. பாபநாசம், சீர்காழி, தரங்கம்பாடிப் பக்கத்தில் இருப்பவர்கள் சம்பா நடவு முடிவதற்குள் அவரவர் ஊர்க் குழுவிடம் கேட்டு இங்கே எழுதுங்கள். குழுவில் கர்ப்பிணி இருந்தால் அவளுக்கு என்ன வேலை கொடுத்தார்கள், பங்கு முழுதாகவா, குறைத்தா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். மிராசிடம் கேட்க வேண்டாம், மூத்தவளிடம் கேளுங்கள்.